ஞாயிற்றுக்கிழமை பதநீர் காய்ச்சக் கூடாது

அசனத்துக்கு, அதாவது சர்ச்சில் சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற விருந்துக்கு, முந்தின ராத்திரி காய் வெட்டுவது எங்கள் ஊரில் தனித் திருவிழா. கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, ட்யூப்லைட் கட்டி, தார்ப்பாயில் கத்தரிக்காயும் வாழைக்காயும் குவிந்து கிடக்கும். வீட்டுக்கு ஒரு அரிவாள்மனையோடு பெண்கள் வந்து உட்கார்ந்தால் விடிகிறவரை பேச்சும் பாட்டும்தான். கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த வருஷத்திலிருந்து நான் ஒரு அசனத்தையும் தவறவிட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், அடுத்த கூடைக் காயை இழுக்கலாம் என்று அரிவாள்மனையை விட்டு எழுந்தேன். எழுந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஞாபகம் இருப்பது, மதினி என் முகத்தில் தண்ணீர் தெளித்ததும், யாரோ ஒருத்தர் “சோடா வாங்கிட்டு வாலே” என்று ஒரு பையனை விரட்டியதும்தான்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12ஆவது இருக்க வேண்டும். டாக்டரம்மா என்னுடைய ஒரு வாரத்தைச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடம், விடைத்தாள், வீடு, புதன்கிழமை ஜெபக்கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி என்று வரிசையாகச் சொன்னேன். “ஞாயிறு?” என்று கேட்டார். “ஞாயிறு எங்களுக்கு லீவு கிடையாது டாக்டர், அன்னைக்குத்தான் வேலை ஜாஸ்தி” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெருமையைப் பற்றி எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

அப்போது என் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாலரைக்கு எழுந்து இட்லி ஊற்றி, மதியத்துக்குக் கறியைக் கழுவி மசாலா அரைத்து வைத்துவிட்டு, ஏழு மணிக்குப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போவேன். அந்த வகுப்புக்கு எங்கள் சபைகளில் என்ன பெயர் தெரியுமா, ஓய்வுநாள் பள்ளி. பதினோரு வருஷம் அதற்கு நான் பொறுப்பு. அது முடிந்து ஆராதனை, பாடகர் குழு, அப்புறம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் குக்கரை ஏற்றி, இரண்டு மணிக்குப் பரிமாறி, வந்த விருந்தாளியை அனுப்பி, பாத்திரத்தை ஒழித்துப் போட்டால் நாலு மணிக்கு வீடு சந்திப்புக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் உட்கார்ந்து திங்கட்கிழமைக்குப் பாடக் குறிப்பு எழுதுவேன். வீட்டில் மற்றவர்கள் மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஃபேனைப் போட்டு ஒரு தூக்கம் போடுவார்கள். அதை நான் தப்பாக நினைத்ததே இல்லை. அவர்கள் தூங்குகிற நேரத்தில் சத்தம் வராமல் பாத்திரம் கழுவப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். ஒரு மாசம் படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். முதல் வாரம் முழுக்க எனக்குக் குற்றவுணர்ச்சிதான். கோயில் மணி கேட்கிற தூரத்தில்தான் எங்கள் வீடு. முதல் மணி அடிக்கும்போது படுத்திருப்பது ஏதோ திருடிவிட்டு ஒளிந்திருப்பது மாதிரி இருந்தது. ‘துருப்பிடித்துப் போவதைவிடத் தேய்ந்து போவது மேல்’ என்று கன்வென்ஷன் மேடைகளில் அடிக்கடி சொல்வார்களே, அது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மதினிதான் தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒரு நாள் சாயந்திரம் நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது வந்து, எழுப்ப மனசில்லாமல், தட்டில் இரண்டு அடையும் ஒரு செம்பு தண்ணீரும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கண் விழித்துப் பார்த்ததும் எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்திருக்கிற இடம். நம் பழைய மொழிபெயர்ப்பில் அப்படியேதான் இருக்கிறது: “தழலில் சுடப்பட்ட அடையும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் அவன் தலைமாட்டில் இருந்தது.”

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை நடத்தியிருப்பேன். எப்போதும் கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதை அரை மணி நேரம் நடத்திவிட்டு, இதை ‘எலியா சோர்ந்துபோனான், நாம் சோர்ந்துபோகக் கூடாது’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுவேன். படுக்கையில் கிடந்து நிதானமாக வாசித்தபோதுதான் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். எலியா கர்மேலில் நாள் முழுக்க நின்றவன், பாகால் தீர்க்கதரிசிகளை எதிர்த்தவன், மழைக்காக ஜெபித்தவன், ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல்வரை ஓடியவன். உடனே ராணி யேசபேலின் மிரட்டல் வருகிறது. பெயெர்செபாவுக்கு ஓடி, வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து போய், “போதும் கர்த்தாவே” என்று உட்கார்ந்துவிடுகிறான். சாக வேண்டும் என்கிறான். அப்படிச் சொன்னவனுக்குக் கடவுள் என்ன பதில் சொன்னார் என்று தேடினால், அந்த இடத்தில் பதிலே இல்லை. தூங்க விடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான், அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தடவையும் தட்டி எழுப்பி, எழுந்திருந்து சாப்பிடு, நீ போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வியெல்லாம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. முதலில் தூக்கம், சோறு, தண்ணீர், மறுபடி தூக்கம். ஆண்டவருடைய வரிசை அது.

அந்த அடையைத் தின்றுகொண்டே அழுதேன். மதினிக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்புறம் வேதத்தில் ஓய்வு வருகிற இடங்களை எல்லாம் தேடி வாசிக்க ஆரம்பித்தேன், வேறு வேலையும் இல்லையே. பத்துக் கட்டளையை நாங்கள் பிள்ளைகளுக்கு யாத்திராகமம் 20லிருந்து மனப்பாடம் செய்ய வைப்போம். அங்கே ஓய்வுநாளுக்குச் சொல்லப்படுகிற காரணம் படைப்பு: கர்த்தர் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். அதே கட்டளை உபாகமம் 5இல் மறுபடியும் வருகிறது, ஆனால் காரணம் மாறிவிடுகிறது. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன்னை அங்கேயிருந்து வெளியே கொண்டுவந்தேன், அதனால் ஓய்ந்திரு. நீ மட்டும் ஓய்ந்தால் போதாது, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும். மாடு, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன் வரை வரிசையாகப் போகிறது. இத்தனை வருஷம் ‘நீ ஓய்ந்திரு’ என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன், அதையும் செய்யவில்லை. இந்தக் கட்டளையில் பாதிக்கு மேல் பேசுவது அடுத்தவனுடைய ஓய்வைப் பற்றி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி என்று போகிற பட்டியலில் மனைவி இல்லை. ஐயரிடம் கேட்டேன், எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம். ‘நீ’ என்று சொல்லும்போதே கணவனும் மனைவியும் அதில் அடக்கம் என்று விளக்கினார். சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நம் வீடுகளில் அந்த ‘நீ’க்குள் அவள் அடங்கியிருக்கிறாளா என்று யாராவது பிரசங்கத்தில் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எகிப்து என்றால் என்ன என்பதற்கு யாத்திராகமம் 5ஐப் பார்க்க வேண்டும். ஜனங்கள் ஆராதனைக்குப் போக மூன்று நாள் விடு என்று மோசே கேட்கிறார். பார்வோன் வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் விட்டுவிடுகிறான். முறையிட வந்தவர்களிடம், நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள், சோம்பலாயிருக்கிறீர்கள் என்று இரண்டு தடவை சொல்கிறான். ஓய்வு கேட்டவனைச் சோம்பேறி என்று சொல்வது பார்வோனுடைய பேச்சு. இதை வாசித்த பிறகு, சபையில் யாராவது ‘இந்த மாசம் என்னால முடியல’ என்று சொன்னால் அவர்களைப் பற்றி நாங்கள் பின்னால் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. நானும் பேசியிருக்கிறேன்.

எங்கள் ஆச்சி வீட்டில் இப்படி இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. தாத்தா பனையேறி. பனையில் ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியாது. பருவ காலத்தில் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும், விட்டால் பாளை காய்ந்துபோகும், அந்த வருஷப் பிழைப்பு போச்சு. ‘விதைப்புக்காலத்திலும் அறுப்புக்காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக’ என்று யாத்திராகமம் 34இல் இருக்கிறது. வயல்காரனுக்கே கஷ்டமான கட்டளை, பனைக்காரன் எங்கே போவான்? தாத்தா ஞாயிற்றுக்கிழமையும் இருட்டோடு ஏறி இறங்கிவிட்டுத்தான், குளித்து, கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும்போது வந்துவிடுவார். ஆனால் பதநீர் இறக்கினதோடு வேலை முடியாது. அதைப் பெரிய சட்டியில் ஊற்றி, விறகை எரித்து, மணிக்கணக்காகப் புகையில் நின்று கிண்டிக் காய்ச்சினால்தான் கருப்பட்டி. அது ஆச்சியின் வேலை. பதநீரை வைத்திருந்து மறுநாள் காய்ச்சலாம் என்றால் அது கெட்டுப்போகும். அதாவது தாத்தா ஏறினால் ஆச்சி அடுப்பை மூட்டியே ஆக வேண்டும்.

தாத்தா என்ன செய்தார் என்றால், ஞாயிற்றுக்கிழமை இறக்கின பதநீரை வீட்டுக்கே கொண்டுவர மாட்டார். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வேப்பமரம் உண்டு, அதன் அடியில் வைத்துவிடுவார். போகிற வருகிறவர்கள், பிள்ளைகள், விதவைகள், யார் வேண்டுமானாலும் பனையோலைப் பட்டையைப் பிடித்துக் குடித்துக்கொள்ளலாம், காசு கிடையாது. ‘ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல பதநீர் காய்ச்சக் கூடாது’ என்பார். ஏழு நாளில் ஒரு நாள் கருப்பட்டி போனால் அந்தக் குடும்பத்துக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. சாப்பாடும் அப்படித்தான். சனிக்கிழமை சாயந்திரமே மண்சட்டியில் மீன் குழம்பு வைத்துவிடுவார்கள், மறுநாள் அது இன்னும் ருசியாக இருக்கும், ஞாயிறன்று சோறு மட்டும் வடித்தால் போதும். மதியத்துக்கு மேல் ஆச்சி திண்ணையில் ஓலைப்பாயை விரித்துப் படுத்துவிட்டால் ஒருத்தரும் எழுப்பக் கூடாது. நாலு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி போடுவது தாத்தா. காய்த்துப்போன அந்தக் கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஆச்சி தானாகக் கண் விழிக்கிறவரை திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். சின்ன வயசில் அதைப் பார்த்து, தாத்தாவுக்கு ஆச்சிமேல் ரொம்பப் பாசம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அவர் உபாகமம் 5ஐ வாசித்திருந்தாரா என்று கேட்க இப்போது ஆளில்லை. தன் வேலையை நிறுத்த முடியாதவர், மனைவியின் வேலையை நிறுத்தினார்.

உடம்பு தேறிய பிறகு பெண்கள் ரிட்ரீட் ஒன்றுக்குக் கொடைக்கானல் போயிருந்தேன். ரிட்ரீட் என்றால் ஒதுங்கி இருப்பதுதானே, ஆனால் நிகழ்ச்சி நிரலில் காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை ஒரு இடைவெளி இல்லை. ஒரு கூட்டத்தை விட்டுவிட்டு ஏரிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். கொடைக்கானல் ஊரே ஓய்வுக்காக உண்டானதுதான். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் நோயில் தங்கள் ஆட்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு, சிறுமலையில் தங்கிப் பார்த்து அங்கேயும் காய்ச்சல் விடவில்லை என்று, 1845இல் இங்கே வந்து வீடு கட்டினார்கள். ஓய்வெடுக்காவிட்டால் சாவுதான் என்று புதைகுழிகளின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் அவர்களில் பலர் இந்த மலைக்கு டோலியில் வந்தார்கள். டோலியைத் தூக்கி வந்தவர்கள் நம் ஆட்கள். அவர்களுக்கு எந்த மலையில் ஓய்வு கிடைத்தது என்று அந்த ஏரிக்கரையில் எனக்குத் தோன்றியது, தோன்றியதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஓய்வில்லாத ஊழியத்துக்கு எப்போதும் காட்டுகிற உதாரணம் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார். 1895இல் இந்தியாவுக்கு வந்து 1951இல் இறக்கிறவரை ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. பிரசங்கத்தில் இதைக் கேட்டால் நமக்கு லீவு கேட்கவே கூசும். ஆனால் அதே அம்மையார் டோனாவூருக்கு மேலே மலைக்காட்டில் ஒரு வீட்டை ஏற்படுத்தி, பிள்ளைகளையும் ஊழியர்களையும் அங்கே ஆற்றில் குளிக்கவும் இளைப்பாறவும் அழைத்துப்போனார் என்பதை ஏனோ மேடையில் யாரும் சொல்வதில்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு கடைசி இருபது வருஷமும் பெரும்பாலும் தன் அறையிலேயேதான் இருந்தார். அந்த அறையில் இருந்துகொண்டுதான் நிறைய எழுதினார். படுத்துக்கிடந்த அந்த வருஷங்களை யாரும் வீண் என்று சொல்வதில்லையே.

‘அப்போ சோம்பேறித்தனத்தை ஆதரிக்கிறீங்களா அக்கா’ என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. எறும்பினிடத்தில் போய்ப் பார் என்று நீதிமொழிகளில் இருக்கிறது, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுலும் எழுதியிருக்கிறார். கட்டளையிலேயே ஆறு நாள் வேலை செய் என்று இருக்கிறது. நான் வேலையை நேசிக்கிறவள், வகுப்பறையை விட்டு என்னால் இருக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனி என்றேன். வனாந்தரத்தில் ஜனங்களுக்கு ஆகாரமாக வானத்திலிருந்து மன்னா விழுந்தபோது, மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழு வைத்தது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு எடுத்து வைத்தார்கள், கெடவில்லை. அப்படியும் ஏழாம் நாள் சிலர் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் உழைப்பாளிகளாகத்தான் இருந்திருப்பார்கள். நாளைக்கும் ஆண்டவர் தருவார் என்று நம்பத்தான் அவர்களால் முடியவில்லை. என் நிலைமையும் அதுதான். ‘அக்கா இல்லன்னா ஒன்னும் நடக்காது’ என்று சபையில் சொல்லும்போது எனக்கு உள்ளே குளிரும். நான் படுத்திருந்த மாசத்தில் ஐயரம்மா பார்க்க வந்து, ஓய்வுநாள் பள்ளியைக் கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்கள் எடுத்து நடத்துகிறார்கள், பிள்ளைகள் கூட்டம் குறையவில்லை அக்கா என்று சொன்னார். ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது வலித்தது. ஏன் வலிக்கிறது என்று அந்த ராத்திரி ஆண்டவரிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. கடலில் புயல் அடிக்கும்போது இயேசு கப்பலின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினாரே, அந்தத் தூக்கம் எனக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்டேன்.

இப்போது ஓய்வுநாள் பள்ளியை அந்தப் பெண்களே நடத்துகிறார்கள், கூப்பிட்டால் மட்டும் போகிறேன். கறிக்குழம்பு சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. முதலில் வீட்டில் முகம் சுளித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை சுடச்சுடக் கறி இல்லையா என்று. நாலைந்து வாரத்தில் பழகிவிட்டது. மதியப் பாத்திரம் என் வீட்டுக்காரரும் மகனும். சர்க்கரைக் காப்பிதான் போடத் தெரியும் அவருக்கு, ஆனால் நாலு மணிக்கு வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ்களுக்கும் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் ஞாயிறு கிடைக்காது, எங்கள் ஐயருக்கே கிடைக்காது. அவருக்குத் திங்கட்கிழமை ஓய்வு, அன்றைக்கு ஃபோன் பண்ண வேண்டாம் என்று சபைகளை நிர்வகிக்கிற சேகர கமிட்டியில் பேசி முடிவெடுத்தோம். கிழமை எதுவாக இருந்தாலும் இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் ரொம்ப நாள் சரியாகவில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க ஒரு அக்கா வருகிறார். வாரம் ஏழு நாளும் வருவார், ஞாயிறும். உபாகமம் 5ஐ வாசித்துவிட்டு, மறுபடி அவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பளம் பிடிக்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் அக்கா என்றேன். சந்தோஷப்பட்டார். இரண்டு மாசம் கழித்துப் பேச்சுவாக்கில், “ஞாயித்துக்கிழமைக்கு இன்னொரு வீட்ல கேட்டாங்க, காசு வருதேன்னு போறேன்” என்றார். நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு நாராயண் மேகாஜி லோகாண்டேயைப் பற்றிச் சொல்வதுண்டு. பம்பாய் மில் தொழிலாளிகளுக்காக 1884இல் வார விடுமுறை கேட்க ஆரம்பித்து, 1890 ஜூன் 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை வாங்கிக் கொடுத்தவர். சமூக சீர்திருத்தவாதி ஜோதிராவ் ஃபுலேயின் சத்திய சோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர் இல்லை. ஆறு வருஷம் போராடி அவர் வாங்கியது மில்லுக்குள் இருந்தவர்களுக்கு. வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு யார் கேட்பார்கள்? கூலி போதாதவளுக்கு லீவு கொடுத்தால் அவள் இன்னொரு வீட்டுக்குத்தான் போவாள், அது அவள் தப்பு இல்லை.

அந்த இன்னொரு வீடும் எங்கள் சபைதான். அந்த வீட்டு அம்மாவிடம் போய்ப் பேசினேன். லேசாக முடிகிற பேச்சாக இல்லை, அவர்களுக்கும் வயசாகிவிட்டது, மூட்டுவலி. மூன்று தடவை போனேன். கடைசியில் இரண்டு வீடும் சேர்ந்து மாசச் சம்பளத்தைக் கூட்டி, ஞாயிறு இரண்டு வீட்டுக்கும் வேண்டாம் என்று முடிவானது. இது போன சித்திரையில்.

போன ஞாயிறு மதியம் மூன்று மணி இருக்கும், வாசல் சாவியை எங்கே வைத்தார் என்று கேட்க அந்த அக்காவுக்கு ஃபோன் அடித்தேன். மகன் எடுத்தான். குரலைத் தாழ்த்தி, “அம்மா தூங்குறாங்க டீச்சர், எழுப்பவா?” என்றான்.

வேண்டாம்ப்பா, தூங்கட்டும் என்று வைத்துவிட்டேன்.